பாதி ஆமென்

முப்பது வயதில் என்னை நானே ஓய்வுபெற்றவள் என்று எழுதிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிற ஒருத்தியை வேறு எப்படிச் சொல்வது? கண்டி யட்டிநுவர வீதிப் பக்கம், ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒலிநாடா வெட்டி ஒட்டும் வேலை பார்த்தேன். மகள் பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் விட்டேன். பிறகு போகவில்லை. இப்போது பிலிமத்தலாவையில், கொழும்பு வீதியைப் பார்த்த ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். கணவருக்குக் கொழும்பில் வேலை. சனிக்கிழமை வருவார், ஞாயிறு பின்னேரம் போய்விடுவார். மற்ற நாட்களில் நானும் பிள்ளையும், வீதியில் போகிற பஸ்களும்தான்.

போன கிழமை ஷாலினி தொலைபேசியில் பேசினாள். என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் பெண்.

"அக்கா, கம்ப்யூட்டர் வந்திருச்சு. மூச்சுச் சத்தத்தக் கண்ணாலேயே பாத்து அழிச்சிறலாம். பிளேடெல்லாம் நஸீர் நானா பெட்டிக்குள்ள போட்டு மூடிட்டாரு."

"நல்லதுதானே," என்றேன். அது நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை.

"புது மேசை போடுறதுக்குச் சுவரச் சுத்தப்படுத்தினோம். ஒட்டி வச்சிருந்த நாடாத் துண்டெல்லாம் கழட்டச் சொன்னாரு. ஒரே ஒரு துண்டத் தொட விடல. கேட்டா, 'அத ஒங்கட அக்காட்ட கேளு'ங்கிறாரு. அதுல என்னக்கா இருக்கு?"

"மென்," என்றேன்.

"என்னது?"

"மென்."

அதற்குள் பிள்ளை விழித்து அழுதாள். வைத்துவிட்டேன். ஷாலினி என்னை ஒரு மாதிரியாக நினைத்திருப்பாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவளைப் போல இனி வெட்டாமலே வெட்டப் போகிறவர்களுக்கும் பயன்படலாம்.

நான் இந்த வேலைக்கு வந்ததில் பெரிய கதை இல்லை. பாடசாலையில் உயர்தரம் முடித்தேன், கொழும்பில் ஒரு சிறு பயிற்சி எடுத்தேன், அதில் கற்ற பாதியை முதல் வாரத்திலேயே மறந்தேன். மீதியைக் கற்றுக்கொண்டது நஸீர் நானாவின் மேசையில். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம்; அவர் கூடத்தின் உரிமையாளர், பதிவாளர் எல்லாம். திகனயிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பாராட்ட மாட்டார், ஏசவும் மாட்டார். நான் ஒட்டிய இடத்தை ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பார். ஒட்டிய சத்தம் காதில் கேட்டால் தலையை இலேசாகச் சாய்ப்பார். கேட்காவிட்டால் தேத்தண்ணி கொண்டுவரச் சொல்வார். அவர் தேத்தண்ணி கேட்கிற நாட்களில் எனக்கு வீடு போகும் வழியெல்லாம் மனம் இலேசாக இருக்கும்.

வெட்டுவது இப்படி. நாடாவின் இரண்டு சக்கரங்களையும் கையால் முன்னும் பின்னும் மெதுவாக உருட்ட வேண்டும். அப்போது மனிதக் குரல் மாடு கத்துவதைப் போலக் கேட்கும். அந்தக் கத்தலுக்குள் ஓர் எழுத்து எங்கே தொடங்குகிறது என்று காதால் தேடிப் பிடித்து, நாடாவின் முதுகில் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் கோடு போட வேண்டும். பிறகு நாடாவை உலோக அச்சில் படுக்கவைத்துச் சாய்வாக வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் ஒட்டு 'டக்' என்று கேட்கும். சாய்வாக வெட்டினால் ஒரு சத்தம் மற்றதற்குள் வழுக்கிப் போகும். பிளேடு ஸ்பீக்கர் காந்தத்தின் பக்கம் போயிருந்தால், காந்தம் ஏறி நாடாவில் சத்தம் பதியும் என்று நானா அதை எடுத்து எறிந்துவிடுவார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் எல்லோரையும் அவரவர் இடத்தில் இருத்தி, மின்விசிறியை நிறுத்தி, யாரும் பேசாமல் சற்று நேரம் நாடாவை ஓடவிடுவார். "அறைட சத்தம் வேணும்," என்பார். ஒரு மூச்சையோ இருமலையோ வெட்டிய இடத்தில் வெறும் நாடாவை வைத்தால், பாட்டில் குழி விழுந்ததைப் போல இருக்கும். அந்த அறையின், அந்த நாளின் மௌனத்தையே வெட்டி வைத்தால்தான் காது ஏமாறும். ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு மௌனம். நான் இதை முதலில் நம்பவில்லை. இப்போது இந்த வீட்டில் பகல் முழுவதும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜெபராஜ் மாஸ்டர் வந்தது என்னுடைய கடைசி வருடத்தில். கண்டி, மாத்தளைத் தேவாலயங்களில் அவர் குரலை அறியாதவர்கள் குறைவு. உச்ச ஸ்தாயியில் எந்தச் சிரமமும் இல்லாமல் போய் நிற்கிற ஆண்குரல். அவருடைய கிறிஸ்தவப் பாடல் நாடாக்கள் சிலவற்றை எங்கள் கூடத்திலேயே பதிவு செய்திருந்தோம். பிழைப்புக்கு வாகனம் ஓட்டப் பழக்கினார். ஐம்பது வயது. மனைவி இறந்துவிட்டார். ஹந்தானைப் பக்கம் தனியாக இருந்தார்.

"இந்தத் தடவ வேற மாதிரிப் பாட்டு நானா," என்றார். "மெல்லிசை கொஞ்சம், கர்நாடக சங்கீதத்துல ரெண்டு கீர்த்தனை, ஒரு தாலாட்டு."

நானா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன மாஸ்டர், பிரேக் பிடிச்சுப் பிடிச்சுப் பாதையே மாறிட்டிங்களா?"

அவர் சிரித்தார். காரணத்தை எங்களுக்குச் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆனால் தேநீர் குடிக்கும்போது சொன்னார். அவருக்கு ஒரே மகள், எஸ்தர். கலகெதரயில் கடை வைத்திருக்கும் இந்துக் குடும்பத்துப் பையனை விரும்பி, கோயிலில் கலியாணம் செய்துகொண்டாள். மாஸ்டர் கலியாணத்துக்குப் போகவில்லை. பேரன் பிறந்ததும் மனம் கேட்காமல் போனார். மாமியார் மரியாதையாகக் கதிரை போட்டு, தேநீர் கொடுத்து, பிள்ளையையும் கையில் கொடுத்திருக்கிறார். பிள்ளை அழுதது. மாஸ்டர் தன்னை அறியாமல் ஒரு தேவாலய ஞானப்பாட்டைத் தொடங்கிவிட்டார். இரண்டாவது அடியில் மாமியார் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "பால் குடிக்கிற நேரம்," என்று உள்ளே போய்விட்டார்.

"பஸ்ஸுக்கு வந்து விட்டா என் மக. ஒண்ணும் பேசல. பஸ் வந்தப்புறம் கேட்டா, 'வேற பாட்டே தெரியாதாப்பா உங்களுக்கு?'ன்னு. அதுக்கப்புறம் நான் போகல."

எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் கொண்டுவந்த பதில்தான் அந்த நாடா. பெயரைக்கூட முன்னரே வைத்திருந்தார்: 'வேறு பாட்டு'. அந்த வீட்டில் யாரும் எழுந்து நிறுத்திவிடாத ஒரு நாடா வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. அதற்காக அந்த வயதில் ஒரு சங்கீத ஆசிரியையிடம் போய், சின்னப் பெண்பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து படித்திருக்கிறார். செய்தி பரவியதும் தேவாலயத்தில் ஞாயிறு தனிப்பாட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். யாரும் கோபமாகப் பேசவில்லை என்றார். கோபமாகப் பேசியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

முதல் நாள் அறைச் சத்தம் எடுத்தோம். மாஸ்டர் தலையைக் குனிந்து கண்ணை மூடி நின்றார். நேரம் முடியும் தறுவாயில், மெதுவாக, "ஆமென்," என்றார்.

நானா நாடாவை நிறுத்தினார். "மாஸ்டர், இது தொழுகையில்ல. அறைட சத்தம்."

"மன்னிச்சுக்குங்க நானா. எல்லாரும் சும்மா நின்னாங்களா, ஜெபம்னு நெனச்சிட்டேன்."

எல்லோரும் சிரித்தோம். மறுபடி எடுத்தோம். அது ஒருநாள் சிரிப்பு என்றுதான் நினைத்தேன்.

மோகனத்தில் அமைந்த கீர்த்தனையை நன்றாகவே பாடினார். அவர் குரல் சுரம் சுரமாகப் படியேறிப் பழகிய குரல். கீர்த்தனையோ வழுக்கி இறங்கக் கேட்டது. சில இடங்களில் படியும் சில இடங்களில் வழுக்கலுமாக, அது அவருடையதாகவே இருந்தது. மிருதங்கம் முடிந்தது, வயலின் தேய்ந்தது, தம்புரா மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. அதற்குள் தெளிவாக ஒரு "ஆமென்". மிருதங்கக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

"நானா, நான் சொன்னேனா?"

"செல்லினீங்க."

"எனக்குத் தெரியவே இல்லீங்க."

அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து ஒரு பாட்டு முடிந்தால் ஆமென். மூச்சை வெளியே விடுவதைப் போல அது வந்துவிடும். அடுத்த பாட்டுக்கு நானா கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து வாயில் விரல் வைத்துக் காட்டினார். மாஸ்டர் உதடுகளை இறுக்கிக்கொண்டார். அது மூக்கால் வந்தது. ஒரு தடவை டொபியை வாயில் போட்டுக்கொண்டு நின்றார். டொபியோடு சேர்ந்து வந்தது.

வேறு யாருக்காவது இது சிறிய விஷயம். ஆனால் கலகெதர வீட்டில், கீர்த்தனையின் முடிவில் அந்தச் சொல் கேட்டால் நாடா அன்றோடு அலுமாரிக்குள் போய்விடும். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நானா என்னிடம், "வெட்டு புள்ள," என்றார். வெட்டினேன். பாட்டு முடிந்து அவர் ஆமென் சொல்வதற்குள் எப்போதும் ஒரு சிறு இடைவெளி இருந்தது. அதில் கோடு போட்டு வெட்டி, தம்புராவின் ஓசையை ஒட்டி, தேய்ந்து போக விட்டேன். வெட்டிய ஆமென்களை நானா எறிய விடவில்லை. "ஒருத்தர் தொழுத சாமான் காலுக்குள்ள கெடக்கக் கூடாது," என்று சுவரில் வரிசையாக ஒட்டச் சொன்னார். பழுப்புப் புழுக்களைப் போல அவை அங்கே தொங்கின.

கடைசியாகத் தாலாட்டு. சுருதிப் பெட்டியைத் தவிர வேறு வாத்தியம் இல்லை. அப்போது எனக்கு வயிறு தெரியத் தொடங்கிவிட்டது. நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துத்தான் மேசையில் இருப்பேன். அவர் பாடும்போது உள்ளே பிள்ளை அசைந்தது. அது பாட்டுக்கு அசைந்ததா, நான் காலையில் சரியாகச் சாப்பிடாததாலா என்று அப்போதே குழம்பினேன், இன்னும் தெரியாது.

அவர் அதைப் பாடிய விதத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கதிரையில் இருத்தி வைக்கப்பட்ட ஒரு மனிதர், உள்ளே கொண்டு போகப்பட்ட பிள்ளைக்குக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து பாடுவதைப் போல இருந்தது. கடைசி அடி "ஆரிரரோ" என்று முடிந்தது. முடியவில்லை. அந்த "ரோ"விலிருந்து மூச்சு விடாமல், இடைவெளி விடாமல், அப்படியே எழுந்து "ஆமென்" ஆனது.

சக்கரத்தை உருட்டி உருட்டிப் பார்த்தேன். "ரோ" எங்கே முடிகிறது, "ஆ" எங்கே தொடங்குகிறது என்று கோடு போட ஓர் இடம் இல்லை. இரண்டும் ஒரே மூச்சு. "ஆ"வை வெட்டினால் "ரோ" அறுந்து தொங்கியது.

"நான் திரும்பப் பாடுறேன் தங்கச்சி," என்றார். பாடினார். ஆமென் வந்தது. மறுபடி பாடினார். இந்த முறை வரவில்லை. கைகளை முஷ்டி பிடித்துக்கொண்டு, முதல் அடியிலிருந்தே அதைத் தடுத்துக்கொண்டு பாடினார். ஒரு பிழையும் இல்லை. நானா கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்தார்.

"மாஸ்டர், ஒங்கட மொழியிலேயே செல்றன். பிரேக்குல கால வச்சிக்கிட்டே ஓட்டுற மாதிரி ஈக்கி."

மாஸ்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "அப்ப அத விட்டுறலாம் நானா. தாலாட்டு வேணாம்."

தாலாட்டு இல்லாமல் அந்த நாடாவுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. அவர் படியிறங்கிப் போனார்.

நான் மேசையிலேயே இருந்தேன். முதல் பதிவை மீண்டும் ஓடவிட்டேன். "ஆ" வருகிறது, நீள்கிறது, பிறகு "மென்"னுக்காக உதடு மூடுகிறது. உதடு மூடும் அந்த இடம் மட்டும் சுத்தமாகக் கேட்டது. கோடு போடக்கூடிய இடம் அந்தப் பாட்டின் முடிவிலேயே அது ஒன்றுதான். அப்போதுதான் தோன்றியது: ஆமெனுக்கும் "ஆ"தான், ஆராரோவுக்கும் "ஆ"தான். முன்னால் இருப்பதை ஏன் வெட்ட வேண்டும்? பின்னால் இருப்பதை வெட்டினால் போதுமே.

"மென்"னை வெட்டி, சுவரில் மற்றத் துண்டுகளோடு ஒட்டினேன். அவர் தடுத்துக்கொண்டு பாடிய பதிவிலிருந்து ஒரு "ராரோ"வை எடுத்தேன். சுருதி ஒன்று, குரல் ஒன்று. ஒட்டினேன். இப்போது பாட்டு "ஆரிரரோ" என்று முடிந்து, தயங்காமல் எழுந்து, இன்னொரு "ஆராரோ"வாக அடங்கியது.

நானா கேட்டார். மறுபடி கேட்டார். "தேத்தண்ணி கொண்டா புள்ள," என்றார்.

மறுநாள் மாஸ்டர் வந்து கேட்டார். முடிந்ததும் கடைசி அடியை மறுபடி ஓடவிடச் சொன்னார். எனக்குப் பயம். ஒருவருடைய பிரார்த்தனையின் வாயை மூடிவிட்டு வேறொன்றைத் திணித்துவிட்டேனோ என்று.

"கடைசி ஆராரோ நான் பாடலையே தங்கச்சி."

"நீங்க பாடினதுதான் மாஸ்டர். ரெண்டு இடத்துல பாடினீங்க."

"அந்த 'ஆ' ஆராரோ இல்ல. அது ஆமென்."

"ஆமென் எண்டே வையுங்களேன் மாஸ்டர்," என்றார் நானா. "கேக்கிறவங்களுக்கு எங்க தெரியப் போகுது? உங்களுக்கு வாணாமெண்டா எடுத்துடுவம்."

மாஸ்டர் யோசித்தார். "இருக்கட்டும். அந்த வீட்டுக்குள்ள பாதியாவது போகட்டும்," என்றார்.

நாடா வெளிவந்தது. நகரத்துக் கடைகளில் சுமாராகப் போனது. தேவாலயத்துக்காரர்கள் வாங்கவில்லை. வேறு ஆட்களுக்கு அவரைத் தெரியாது. மாஸ்டர் ஒரு பிரதியைக் கலகெதரவுக்குத் தபாலில் அனுப்பினார். அதன் பிறகு பழக்கும் வேலை முடிந்து போகும் வழியில் கூடத்துக்கு ஏறி வந்து நிற்பார். "சும்மாதான் வந்தேன்," என்பார். அவர் வீட்டில் தொலைபேசி இல்லை. நாடாவின் அட்டையில் இருந்தது எங்கள் இலக்கம். மகளிடமிருந்து அழைப்பு இல்லை என்று நாங்கள் தலையசைப்பதற்கு முன்பே அவர் திரும்பிவிடுவார். அந்தப் படிகளில் அவர் இறங்கும் சத்தத்தை நான் இப்போதும் கேட்பதுண்டு. இந்த வீட்டின் மேல்மாடியில் இருக்கும் வீட்டுக்காரர்கள் கீழே இறங்கினாலும் அவர் என்றே நினைக்கிறேன்.

நான் வேலையை விடவிருந்த கடைசி வாரம், ஒரு காலை, தொலைபேசி அடித்தது.

"நான் ஈஸ்வரி பேசுறேன்." தணிந்த குரல். பிறகு இன்னும் தணிந்து, "எஸ்தர். ஜெபராஜ் மாஸ்டரோட மக."

பின்னால் தொட்டில் கயிறு முனகும் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால் அவருடைய குரல், தாலாட்டு.

"மாமிதாங்க போட்டிருக்காங்க. தெனமும் அவங்களே போடுறாங்க. இது இல்லாட்டி புள்ள தூங்க மாட்டேங்குது." பிறகு கேட்டாள். "கடைசியில எங்கப்பா என்ன சொல்றாரு?"

"ஆராரோங்கிறார்," என்றேன்.

"அக்கா, நான் பொறந்ததுலேருந்து அந்த ஆ-வக் கேட்டு வளந்தவ. மிச்சத்த நீங்க வெட்டினீங்களா?"

பொய் சொல்ல முடியவில்லை. "நாந்தான்," என்றேன். "கோவமா?"

தொட்டில் முனகியது. பாட்டு கடைசி அடிக்கு வந்தது. அந்த "ஆ" எழுந்து, என் ஒட்டு வழியாக வழுக்கி, "ராரோ" என்று அடங்கியது. அதன் மேல், தொலைபேசிக்குள், காற்றைப் போல அவள் சொன்னாள்: "...மென்."

பிறகு, "தெனமும் நாந்தான் முடிச்சு வைக்கிறேன், வாய்க்குள்ள," என்றாள். "வெட்டின துண்டு இருக்கா?"

"சுவர்ல இருக்கு. அனுப்பவா?"

"அனுப்ப வேணாம். மிச்சத்த அவரையே வந்து சொல்லச் சொல்லுங்க. மாமிக்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்."

நான் நானாவிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். காலை வேளைகளில் மாஸ்டர் குளத்து வீதியில்தான் பழக்குவார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளக்கரையில் நின்றேன். இப்படி வெயிலில் நிற்பது பிள்ளைக்கு ஆகுமா, நானாவையே அனுப்பியிருக்கலாமோ என்று பயமாகவும் இருந்தது. கொஞ்ச நேரத்தில், சிவப்பு 'L' எழுத்துப் பலகை கட்டிய அவருடைய சின்னக் கார் தவழ்ந்து வந்தது. கைகாட்டினேன். ஓட்டிய பெண்மணி ஒரு பாடசாலை ஆசிரியை. பதறிப்போய் வீதி நடுவிலேயே நிறுத்திவிட்டார். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது.

"என்ன தங்கச்சி, வலியா?" மாஸ்டர் கண்ணாடியை இறக்கினார்.

"இல்ல மாஸ்டர். எஸ்தர் பேசினாங்க. மிச்சத்த நீங்களே வந்து சொல்லணுமாம்."

"என்ன மிச்சம்?"

"மென்."

அவர் முகம் எப்படி மாறியது என்று நான் பார்க்கவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ்காரர் மறுபடி ஹோர்ன் அடித்தார்.

"டீச்சர்," என்றார் மாஸ்டர், "எடுங்க வண்டிய."

"எங்க மாஸ்டர், வீட்டுக்கா?"

"கலகெதர."

"ஐயோ மாஸ்டர்! அந்தப் பக்கம் எவ்வளவு வளைவு! எனக்கு இன்னும் வளைவு வராதே!"

"வரும். ஓட்டுங்க. நான் பிரேக்குல கால் வைக்கப் போறதில்ல."

கார் இரண்டு முறை துள்ளிவிட்டுக் கிளம்பியது. பலகை ஆட, பின்னால் பஸ் உறும, மெல்ல மெல்லக் குளத்தைச் சுற்றிப் போய் மறைந்தது.

அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த வாரத்தோடு நான் நின்றுவிட்டேன். மாஸ்டர் கூடத்துக்கு வருவதில்லை என்று நானா பிறகு சொன்னார். "வராம ஈக்கிறதுதான் நல்ல செய்தி புள்ள," என்றார். நானும் அப்படித்தான் நினைக்க முயல்கிறேன். சில நாள் முடிகிறது.

ஷாலினி, கம்ப்யூட்டர் மூச்சையெல்லாம் கண்ணுக்குக் காட்டும் என்கிறாய். நான் எத்தனையோ பேரின் மூச்சை வெட்டியவள். இப்போது என் மகள் தூங்கும்போது, பஸ் ஒன்று போய் அடுத்த பஸ் வருவதற்குள், அவள் மூக்கின் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். வருகிறது. இருந்தாலும் மறுபடி பார்க்கிறேன். அந்த நேரத்தில் இந்த அறைக்கு இருக்கிற மௌனத்தை நானாவிடம் கொடுத்தால் எந்தப் பாட்டில் ஒட்டுவார் என்று யோசிப்பேன்.

அவள் போன வாரம் முதல் ஓர் எழுத்துச் சொல்கிறாள். "ஆ." நீட்டி, என்னையே பார்த்துக்கொண்டு சொல்கிறாள். ஆடு என்கிறாள் என்று அவள் அப்பா தொலைபேசியில் அடித்துச் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேறு எப்படி என்றும் தெரியவில்லை. வேலை எதையும் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சத்துக்காகக் காத்திருக்கிறேன்.